உதவியாளர் என்ற பத்தியில் ஒரு பெயர்

அறுவை மருத்துவர் கல்லூரிகளிலும் சங்கங்களிலும் தன்னார்வப் பணிக்கான விருதுகளைத் தீர்மானிக்கும் குழுவினருக்கு,

வணக்கம்.

நீங்கள் ஆண்டுதோறும் அனுப்பும் பரிந்துரைப் படிவம் இவ்வாண்டும் என் கைக்கு வந்தது. வளரும் நாடுகளில் அறுவை மருத்துவத்துக்கும் அதற்கான பயிற்சிக்கும் ஊதியம் பெறாமல் உழைத்தவர்களைப் பாராட்டுவதற்கான படிவம் அது. பெயர், தகுதி, பணியாற்றிய நாடுகள் ஆகியவற்றை நிரப்பிக்கொண்டே வந்தவர்தான் நான். 'செய்த அறுவைகளின் மொத்த எண்ணிக்கை' என்ற கட்டத்துக்கு வந்ததும் பேனா நின்றுவிட்டது. நான் பரிந்துரைக்க விரும்பும் மருத்துவர் கடைசியாக எங்கள் மருத்துவமனைக்கு வந்தபோது இரண்டு வாரம் தங்கினார். அந்த இரண்டு வாரத்தில் அவர் ஓர் அறுவைகூடச் செய்யவில்லை. அதற்காகத்தான் அவரைப் பரிந்துரைக்கிறேன். அந்தச் சிறிய கட்டத்துக்குள் இதை விளக்க இடமில்லாததால் இந்த மடலை எழுதுகிறேன்.

நான் மருத்துவர் அல்ல. முப்பது ஆண்டுகளுக்கு மேலாக ஒரு மாவட்ட மருத்துவமனையின் அறுவை அரங்கில் கருவிகளை எடுத்துக் கொடுத்தும், பஞ்சுத் துணிகளை எண்ணியும், கருவிகளை நீராவியில் கிருமிநீக்கம் செய்யும் ஆட்டோகிளேவின் அழுத்தமானியைப் பார்த்துக்கொண்டும் இருந்த செவிலியர். வெளிநாடுகளிலிருந்து வந்த குழுக்கள் பலவற்றுடன் மேசையருகே நின்றிருக்கிறேன். பிற்காலத்தில் நானே தன்னார்வப் பயிற்சியாளராக வேறு நாடுகளின் அரங்குகளுக்குச் சென்றும் இருக்கிறேன். விருந்தினரை வரவேற்ற அனுபவமும் விருந்தினராகப் போன அனுபவமும் இருப்பதால், யாரைப் பாராட்ட வேண்டும் என்பது பற்றி ஒரு சொல் சொல்ல எனக்கு உரிமை உண்டு என்று எண்ணுகிறேன்.

அறுவை மருத்துவம் வசதியுள்ள நாடுகளுக்கே உரியது, ஏழை நாடுகளுக்குத் தடுப்பூசியும் தூய நீரும் கிடைத்தால் போதும் என்ற எண்ணம் பொதுச் சுகாதாரத் துறையிலேயே நெடுங்காலம் இருந்தது. லான்செட் என்ற மருத்துவ இதழ் அமைத்த உலக அறுவை மருத்துவ ஆணையம் 2015-ல் வெளியிட்ட அறிக்கை அந்த எண்ணத்தை உடைத்தது. உலகில் 500 கோடிப் பேருக்குப் பாதுகாப்பான, கட்டுப்படியாகும் அறுவையும் மயக்க மருத்துவமும் வேண்டிய நேரத்தில் கிடைப்பதில்லை என்றும், குறைந்த வருமான நாடுகளிலும் நடுத்தர வருமான நாடுகளிலும் ஆண்டுதோறும் கூடுதலாக 14.3 கோடி அறுவைகள் நடந்தாக வேண்டும் என்றும் அது கணக்கிட்டது. அறுவை, மயக்கவியல், மகப்பேறு ஆகிய மூன்று துறைகளையும் சேர்த்து ஒரு லட்சம் மக்களுக்கு 20 நிபுணர்களாவது இருக்க வேண்டும் என்ற இலக்கையும் அதே அறிக்கை முன்வைத்தது. அவ்வாண்டு மே மாதத்தில் கூடிய உலக சுகாதாரப் பேரவை, அவசர அறுவையும் அடிப்படை அறுவையும் மயக்க மருத்துவமும் அனைவருக்குமான சுகாதாரப் பாதுகாப்பின் பிரிக்க முடியாத பகுதி என்று தீர்மானம் நிறைவேற்றியது.

ஆண்டுக்கு 14.3 கோடி என்பது முகாம் போட்டு எட்டக்கூடிய எண் அல்ல. ஒரு மருத்துவமனை அறுவைக்குத் தகுதியானதா என்று பார்ப்பதற்கு அந்த ஆணையம் மூன்று அறுவைகளை அளவுகோலாக வைத்தது. சிசேரியன், வயிற்றைத் திறந்து செய்யும் அறுவை, தோலைக் கிழித்து எலும்பு வெளியே வந்த முறிவுக்கான சிகிச்சை ஆகிய இம்மூன்றும் நடக்கும் இடத்தில் மற்ற பலவும் நடக்கும் என்பது அதன் கருத்து. இம்மூன்றில் எதுவும் அடுத்த முகாம் வரும்வரை காத்திருக்காது. குழந்தை குறுக்கே கிடக்கும் தாய்க்கு இரவு இரண்டு மணிக்கு அறுவை தேவைப்பட்டால், அழைத்தவுடன் வந்து சேரக்கூடிய தொலைவில் குடியிருக்கும் ஒருவர்தான் அதைச் செய்ய முடியும். வெளியிலிருந்து வரும் தன்னார்வலர் அந்த ஒருவரை உருவாக்கினாரா, உருவாகும் வழியில் துணை நின்றாரா என்பதைத்தான் உங்கள் படிவம் கேட்டிருக்க வேண்டும்.

முகாம்களைக் குறை சொல்வதாக நினைத்துவிடாதீர்கள். பிளந்த உதட்டுடன் பிறந்த குழந்தையின் முகத்தை முந்தானையால் மூடியே தூக்கிக்கொண்டு வந்த தாய், அரங்கிலிருந்து குழந்தை வெளியே வந்த பின் அந்த முந்தானையை இழுத்துவிட மறந்து நின்றதை நான் பார்த்திருக்கிறேன். அந்த ஒரு காட்சிக்காக எத்தனை ஆயிரம் மைல் வேண்டுமானாலும் பறந்து வரலாம். ஆனால் அதே முகாம்களின் மறுபக்கத்தையும் நான்தான் பார்த்தேன். ஒரு முறை வந்த குழு, ஆறு நாளில் காலை முதல் இரவு வரை இரண்டு மேசைகளில் இடைவிடாமல் அறுவை செய்துவிட்டு ஏழாம் நாள் கிளம்பியது. மூன்று நாள் கழித்து, அண்ணப் பிளவு தைக்கப்பட்ட ஒரு சிறுமிக்குத் தையல் விட்டுப்போய், குடித்த பால் மூக்கு வழியாக வந்தது. எங்கள் இளம் அறுவை மருத்துவர் அவளைப் பரிசோதித்துவிட்டு என்னிடம் கேட்ட முதல் கேள்வி, "உள்ளே எப்படித் தைத்தார்கள், சிஸ்டர்?" என்பதுதான். அந்த ஆறு நாளும் அவருக்கு அரங்கில் நிற்க இடம் கிடைக்கவில்லை. வெளியே நோயாளிகளின் வரிசையை ஒழுங்குபடுத்திக்கொண்டிருந்தார். நான் பார்த்ததை ஒரு தாளில் வரைந்து காட்டினேன். ஓர் அறுவை மருத்துவர் தம் சொந்த மருத்துவமனையில் நடந்த அறுவையைச் செவிலியரின் படத்தைப் பார்த்துத் தெரிந்துகொள்ள வேண்டிய நிலை வந்தது. அந்தக் குழுவின் தலைவர் அந்த முகாமுக்காகவே பாராட்டப்பட்டார் என்று பின்னர் கேள்விப்பட்டேன். அவர்மீது எனக்குக் கோபமில்லை. எண்ணிக்கையைக் கேட்டார்கள், அவர் எண்ணிக்கையைக் கொடுத்தார்.

இப்போது நான் பரிந்துரைக்கும் மருத்துவரைப் பற்றிச் சொல்கிறேன். அவர் பெயர் படிவத்தில் இருப்பதால் இங்கு வேண்டாம். ஒவ்வோர் அறுவை அரங்கிலும் தடித்த அட்டை போட்ட ஒரு பதிவேடு இருக்கும். தேதி, நோயாளியின் பெயர், நோய், செய்த அறுவை ஆகியவற்றுக்குப் பிறகு அறுவை செய்தவர், உதவியாளர், மயக்க மருத்துவர், செவிலியர் என்று பத்திகள் வரிசையாக வரும். அந்த மருத்துவர் முதல் ஆண்டு வந்தபோது அவர் பெயர் முதல் பத்தியில் இருந்தது. எங்கள் மருத்துவர் பெயர் உதவியாளர் பத்தியில் இருந்தது. மறு ஆண்டு பாதிப் பக்கங்களில் பெயர்கள் இடம் மாறின. அதற்கடுத்த ஆண்டு வந்தவரின் பெயர் முழுக்க முழுக்க உதவியாளர் பத்திக்கு வந்துவிட்டது. ஐந்தாம் முறை வந்தபோது பதிவேட்டில் அவர் பெயரே இல்லை. அரங்கின் கதவருகே, கை கழுவும் தொட்டிக்குப் பக்கத்தில், முகக்கவசத்துடன் ஒரு முக்காலியில் அமர்ந்திருந்தார். உள்ளே எங்கள் மருத்துவர் அறுவை செய்துகொண்டிருந்தார். அவருக்கு எதிரே உதவியாளராக எங்கள் மருத்துவரிடம் பயிலும் இன்னொரு இளைஞர் நின்றார்.

தேர்ந்த அறுவை மருத்துவருக்குக் கையைக் கட்டிக்கொண்டு நிற்பதைப் போலக் கடினமான வேலை வேறில்லை என்று நினைக்கிறேன். ஒருமுறை பித்தப்பை அறுவை ஒன்றில் எங்கள் மருத்துவர் ஒரு நாளத்தைப் பிரித்தெடுக்க நெடுநேரம் தடுமாறினார். எதிரே உதவியாளராக நின்ற, நான் பரிந்துரைக்கும் மருத்துவர் தம் கையிலிருந்த கருவியை இறுக்கிப் பிடித்திருந்தார். கையுறைக்குள் விரல் மூட்டுகள் புடைத்துத் தெரிந்தன. இரண்டே நிமிடத்தில் அவரால் முடித்திருக்க முடியும். அவர் செய்ததெல்லாம் விளக்கைச் சற்றுத் திருப்பியதும், ஈரலைப் பிடித்திருந்த பட்டையை ஒரு விரற்கடை இழுத்ததும்தான். வெளிச்சம் உள்ளே விழுந்தது, நாளம் தெரிந்தது, வேலை நடந்தது. அன்று நோயாளிக்கு ஆபத்து நேர்ந்திருந்தால் அவர் நொடியில் குறுக்கிட்டிருப்பார் என்பதில் எனக்கு ஐயமில்லை. எப்போது குறுக்கிட வேண்டும், எப்போது வாய் திறவாமல் இருக்க வேண்டும் என்று அறிந்த அந்தப் பொறுமைக்கு உங்கள் படிவத்தில் கட்டமே இல்லை.

இப்படிப்பட்ட பணி நடக்காத கற்பனை என்று யாரும் சொல்ல முடியாது. 1959-ல் எத்தியோப்பியாவுக்குச் சென்ற ரெஜ் ஹாம்லின், கேத்தரின் ஹாம்லின் தம்பதியர், பிரசவம் தடைப்பட்டு நாள்கணக்கில் வலியில் கிடந்த பெண்களுக்கு ஏற்படும் ஃபிஸ்டுலா என்ற துளையைச் சரிசெய்வதையே வாழ்நாள் பணியாக்கிக்கொண்டார்கள். 1974-ல் அடிஸ் அபாபாவில் அதற்கென்றே ஒரு மருத்துவமனையைத் தொடங்கினார்கள். அவர்களிடம் நோயாளியாக வந்தவர்களில் ஒருவர் மமிட்டு காஷே. எழுதப் படிக்கத் தெரியாத கிராமத்துப் பெண். குணமான பின் படுக்கைகளைச் சரிசெய்யத் தொடங்கி, பின் அரங்கில் உதவி, பின் கருவிகளைக் கையிலெடுத்து, இறுதியில் வெளியிலிருந்து பயில வரும் மருத்துவர்களுக்கே அந்த அறுவையைக் கற்றுத்தருபவரானார். 1989-ல் லண்டனில் உள்ள ராயல் காலேஜ் ஆஃப் சர்ஜன்ஸ் தன் தங்கப் பதக்கத்தை ஹாம்லின் தம்பதியருக்கு வழங்கியபோது மமிட்டுவையும் சேர்த்தே கௌரவித்தது. மருத்துவப் பட்டம் இல்லாத ஒருவருக்கு, கற்றுத்தந்தவர்களோடு சரிசமமாக நிறுத்தி அந்தக் கல்லூரி பதக்கம் தந்தது. நான் உங்களிடம் கேட்கப்போவது புதுமையானது அல்ல என்பதற்கு அந்த ஒரு பதக்கமே போதும்.

கண் மருத்துவத்திலும் இதே பாடத்தைப் பார்க்கலாம். ஆஸ்திரேலியாவில் வாழ்ந்த கண் மருத்துவர் ஃப்ரெட் ஹாலோஸ் புற்றுநோயால் இறந்துகொண்டிருந்த நிலையில், 1992-ல் மருத்துவமனைப் படுக்கையிலிருந்து எழுந்து வியட்நாம் சென்றார். முன்னூறுக்கும் மேற்பட்ட கண் மருத்துவர்களுக்குப் புதிய கண்புரை அறுவையைக் கற்றுத்தருவதாக அவர் வாக்குக் கொடுத்திருந்தார். அவரோடு இணைந்து பணியாற்றிய நேபாளத்தின் சந்துக் ருயிட், காத்மாண்டுவில் 1994-ல் திலகங்கா கண் மருத்துவமனையைத் தொடங்கினார். கண்ணுக்குள் பொருத்தும் வில்லைகளை அங்கேயே தயாரித்ததால், நூறு டாலருக்கு மேல் விற்றுக்கொண்டிருந்த பொருள் சில டாலருக்குக் கிடைக்கத் தொடங்கியது. ஹாலோஸ் 1993-ல் மறைந்துவிட்டார், வில்லைகள் நின்றுவிடவில்லை. 2006-ல் ருயிட்டுக்கு ராமன் மகசேசே விருது கிடைத்தது. வந்தவருக்கு ஒரு விருது, வரவேற்றவருக்கு ஒரு விருது என்று தனித்தனியாகப் பிரித்துப் பார்க்கவே முடியாத வேலை அது.

யார் கண்ணிலும் படாத தன்னார்வலர்கள் தேர்வறையில் இருக்கிறார்கள். கிழக்கு, மத்திய, தெற்கு ஆப்பிரிக்காவுக்கான அறுவை மருத்துவர் கல்லூரி 1999-ல் தொடங்கப்பட்டது. சுவரில்லாத கல்லூரி என்று அதைச் சொல்வார்கள். மாணவர் தம் நாட்டு மருத்துவமனையிலேயே பணியாற்றிக்கொண்டு பயில்கிறார். கல்லூரி பாடத்திட்டத்தையும் தேர்வையும் பார்த்துக்கொள்கிறது. அயர்லாந்தின் அறுவை மருத்துவர் கல்லூரி 2007 முதல் அதற்குத் துணை நிற்கிறது. அங்கே பட்டம் பெற்றவர்களைத் தொடர்ந்து ஆராய்ந்தபோது, அவர்களில் சுமார் 85 விழுக்காட்டினர் பயின்ற நாட்டிலேயே தங்கியிருந்தார்கள். ஆப்பிரிக்காவுக்குள் என்று பார்த்தால் 93 விழுக்காட்டுக்கும் மேல். வெளிநாட்டுக்கு அனுப்பிப் பயிற்சி அளித்தால் திரும்பி வருவார்களோ மாட்டார்களோ என்று அமைச்சகங்கள் கவலைப்படும் நாடுகளில் இந்த எண்ணின் எடை என்னவென்று உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. இத்தகைய கல்லூரிகளுக்குத் தேர்வாளராகச் செல்பவர், நாள் முழுதும் ஒரு மேசைக்குப் பின்னால் அமர்ந்து கேள்வி கேட்டு, மதிப்பெண் போட்டு, தகுதியில்லாதவரைத் துணிந்து தேர்ச்சியடையாமல் நிறுத்திவிட்டு வருகிறார். அவரைப் படமெடுக்க யாரும் இல்லை. எடுத்தாலும் பார்க்க ஒன்றுமில்லை.

பட்டம் பெற்ற மருத்துவர்களை மட்டுமே உருவாக்க வேண்டும் என்பதும் இல்லை. உள்நாட்டுப் போர் நடந்துகொண்டிருந்த மொசாம்பிக்கில் 1984-ல் மருத்துவர் அல்லாத சுகாதாரப் பணியாளர்களுக்கு மூன்றாண்டு அறுவைப் பயிற்சி தொடங்கப்பட்டது. ஏழாண்டுகள் கழித்துப் பார்த்தபோது, அவர்களில் பத்தில் ஒன்பது பேர் அளவுக்கு மாவட்ட மருத்துவமனைகளிலேயே இருந்தார்கள். அதே இடங்களுக்கு அனுப்பப்பட்ட மருத்துவர்களில் ஏறக்குறைய எவரும் மிஞ்சவில்லை. தொழில் சங்கங்களுக்கு இது கசப்பான செய்தி என்பது எனக்குத் தெரியும். மருத்துவர் அல்லாதவர் கத்தியைத் தொடலாமா என்ற வாதம் உங்கள் கூட்டங்களில் இன்னும் ஓயவில்லை. அந்த வாதத்தை நடத்திக்கொண்டே இருங்கள். ஆனால் அவர்களுக்குப் பயிற்சி அளிக்கச் சென்ற தன்னார்வலரின் பரிந்துரையை அந்தக் காரணத்தால் ஓரம் கட்டாதீர்கள்.

அறுவை என்றவுடன் கத்தி பிடித்தவரையே எண்ணும் பழக்கம் உங்கள் விருதுகளில் மிக ஆழமாக இருக்கிறது. நோயாளியை உயிரோடு வைத்திருப்பவர் தலைமாட்டில் இருக்கிறார். ஒரு லட்சம் பேருக்கு ஐந்து மயக்க மருத்துவப் பணியாளர்கள்கூட இல்லாத நாடுகள் 77 என்று 2017-ல் வெளியான உலகளாவிய கணக்கெடுப்பு சொல்கிறது. அதற்குச் சில ஆண்டுகள் முன்பு செய்த மதிப்பீட்டின்படி, உலகின் அறுவை அரங்குகளில் ஐந்தில் ஒன்றில், அதாவது 77,000க்கும் மேற்பட்டவற்றில், அப்போது பல்ஸ் ஆக்சிமீட்டரே இருக்கவில்லை. விரல் நுனியில் மாட்டும் அந்தச் சிறு கருவியின் ஒலி, இரத்தத்தில் ஆக்சிஜன் குறையக் குறையத் தாழ்ந்துகொண்டே வரும். ஒலி தாழ்கிறது என்று காது உணர்ந்துவிட்டால் கை தானாகவே சுவாசக் குழாயைத் தேடிப் போகும். அந்தக் கருவி வராத காலத்தில் நாங்கள் நோயாளியின் உதட்டையும் நகத்தையும் பார்த்துக்கொண்டிருப்போம். நீலம் பூப்பது கண்ணுக்குத் தெரியும்போது பெரும்பாலும் காலம் கடந்திருக்கும். 2011-ல் தொடங்கப்பட்ட லைஃப்பாக்ஸ் அமைப்பு இந்தக் கருவிகளைக் குறைந்த விலையில் கிடைக்கச் செய்து, கூடவே பயிற்சியும் தருகிறது. அந்தப் பயிற்சியைத் தரச் செல்லும் மயக்க மருத்துவரின் பெயர் உங்கள் பட்டியல்களில் எத்தனை முறை வந்திருக்கிறது என்று எண்ணிப் பாருங்கள்.

செவிலியர்களைப் பற்றி நானே எழுதுவது தற்பெருமையாகத் தோன்றலாம். அதனால் சுருக்கமாகச் சொல்கிறேன். உலக சுகாதார நிறுவனம் 2008-ல் கொண்டுவந்த அறுவைப் பாதுகாப்புச் சரிபார்ப்புப் பட்டியலில் 19 இனங்கள் உள்ளன. எட்டு நகரங்களின் மருத்துவமனைகளில் அதைப் பயன்படுத்திப் பார்த்தபோது இறப்பு விகிதம் 1.5 விழுக்காட்டிலிருந்து 0.8 விழுக்காடாகக் குறைந்தது. பட்டியலைச் சுவரில் ஒட்டுவது ஒரு நிமிட வேலை. தையல் போடும் முன் ஒரு துணி கணக்கில் குறைகிறது என்று இளம் செவிலியர் ஒருத்தி மூத்த மருத்துவரிடம் உரக்கச் சொல்லவும், அவர் முகம் சுளிக்காமல் நிறுத்தவும் பழக்குவது ஆண்டுக்கணக்கான வேலை. அதைச் செய்த தன்னார்வச் செவிலியர்களை நான் அறிவேன். அவர்களில் ஒருவருக்கும் எந்தக் கல்லூரியின் பதக்கமும் கிடைத்ததாக நான் அறியவில்லை.

கருவிகளைப் பழுதுபார்ப்பவரின் நிலை இன்னும் மோசம். வசதி குறைந்த நாடுகளின் மருத்துவமனைகளில் உள்ள மருத்துவக் கருவிகளில் ஏறக்குறைய 40 விழுக்காடு இயங்காமல் கிடக்கின்றன என்று 2011-ல் வெளியான ஓர் ஆய்வு காட்டியது. எங்கள் மருத்துவமனையின் பின்கட்டில் நன்கொடையாக வந்த மயக்க மருந்துக் கருவி ஒன்று நான்கு ஆண்டுகள் தார்ப்பாய் போர்த்திக் கிடந்தது. அது 110 வோல்ட்டில் ஓடுவது. எங்களுடைய மின்சாரம் 220. அழுத்தப்பட்ட ஆக்சிஜன் குழாய் சுவரில் இருந்தால்தான் வேலை செய்யும். எங்களிடம் இருந்தவை உருளைகள். அதைக் கொடுத்தவர்களின் பெயர் பொறித்த பலகை மட்டும் நுழைவாயிலில் பளபளவென்று இருந்தது. பிறகு ஒரு தன்னார்வப் பொறியாளர் வந்தார். அந்தக் கருவியைப் பார்த்துவிட்டு இது இங்கே ஓடாது என்று நேர்மையாகச் சொன்னார். அதிலிருந்து பயன்படக்கூடிய பாகங்களைக் கழற்றி எடுத்து வைத்தார். மீதி நாட்களை எங்கள் மின்பணியாளருடன் கழித்தார். ஆக்சிஜன் செறிவூட்டியின் வடிகட்டியை எப்போது கழுவுவது, ஆட்டோகிளேவின் ரப்பர் வளையம் தேய்ந்ததை எப்படிக் கண்டுபிடிப்பது, எந்த வேலையைத் தாமாகச் செய்யலாம், எதைத் தொடவே கூடாது என்பதையெல்லாம் அவர் கையைப் பிடித்துச் சொல்லித்தந்தார். அந்த மின்பணியாளரின் நோட்டுப் புத்தகம் எண்ணெய்க் கறையோடு இன்றும் அரங்கின் அலமாரியில் இருக்கிறது. அறுவை மருத்துவத்துக்கு ஆற்றிய பணி என்று அதைச் சொல்லாமல் வேறு எதைச் சொல்வது?

உள்ளதைக் கொண்டு செய்யக் கற்றுத்தருவதும் தனிப் பயிற்சிதான். குடலிறக்க அறுவையில் வைத்துத் தைக்கும் வலைத்துணி பல மருத்துவமனைகளால் வாங்க முடியாத விலையில் இருந்தது. கொசுவலை நெய்யும் அதே வகைப் பாலிஎத்திலீன் துணியைக் கிருமிநீக்கம் செய்து பயன்படுத்தும் முறை அதற்கு மாற்றாக வந்தது. உகாண்டாவில் இரண்டையும் ஒப்பிட்டு நடத்திய ஆய்வு 2016-ல் வெளியானது. ஓராண்டு கழித்துப் பார்த்தபோது குடலிறக்கம் திரும்ப வருவதிலும் பக்கவிளைவுகளிலும் குறிப்பிடத்தக்க வேறுபாடு இல்லை. தம் நாட்டில் பழகிய விலையுயர்ந்த பொருளைப் பெட்டியில் கொண்டுவந்து செய்துகாட்டிவிட்டுப் போவதைவிட, இங்கே என்ன கிடைக்கும் என்று கேட்டு, அதைக் கொண்டு பாதுகாப்பாகச் செய்வது எப்படி என்று உடனிருந்து ஆராய்ந்தவர் மேலானவர் என்பது என் தீர்ப்பு.

நிலநடுக்கம், போர் போன்ற பேரிடர்களில் எண்ணிக்கைதான் உயிர் என்பதை நான் மறுக்கவில்லை. 2010 ஜனவரியில் ஹைட்டியில் இடிபாடுகளிலிருந்து மீட்டவர்களுக்கு அங்கே போய் இறங்கிய கைகள்தான் தேவைப்பட்டன. அத்தகைய பணியைத் தனிப் பிரிவாக வைத்துப் பாராட்டுங்கள். பயிற்சிப் பணியையும் பேரிடர்ப் பணியையும் ஒரே தராசில் நிறுத்தினால் எப்போதும் பேரிடரே கனமாக இருக்கும்.

ஆகவே உங்களிடம் என் வேண்டுகோள்கள் இவை. பரிந்துரைக் கடிதம், தன்னார்வலராக வந்தவரின் நண்பர்களிடமிருந்தோ அவர் சார்ந்த அமைப்பிலிருந்தோ வந்தால் மட்டும் போதாது; அவர் பணியாற்றிய மருத்துவமனையிலிருந்து, முடிந்தால் அங்குள்ள செவிலியர் ஒருவரிடமிருந்தும் ஒரு கடிதம் கேளுங்கள். அந்தக் கடிதம் பிழையான ஆங்கிலத்தில் இருந்தாலும், அவர்கள் மொழியிலேயே இருந்தாலும் அதை மொழிபெயர்த்துப் படிக்கும் பொறுப்பை நீங்கள் ஏற்றுக்கொள்ளுங்கள். புகைப்படங்களைக் கேட்காதீர்கள். மயக்கத்தில் கிடக்கும் குழந்தையின் முகம் யாருடைய விருதுக்கும் சான்றாக வேண்டியதில்லை. அதற்குப் பதில், நோயாளிகளின் பெயரை மறைத்துவிட்டு அறுவை அரங்கப் பதிவேட்டின் சில பக்கங்களைக் கேளுங்கள். வந்தவர் இருந்த நாட்களின் பக்கங்களையும், அவர் கிளம்பிப் போன ஆறு மாதத்துக்குப் பிந்தைய பக்கங்களையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். அவர் கற்றுத்தந்த அறுவை பின்னதிலும் நடந்திருக்கிறதா, யார் பெயரில் நடந்திருக்கிறது என்பது ஐந்து நிமிடத்தில் தெரிந்துவிடும். விண்ணப்பக் கட்டுரைகள் எதுவும் அவ்வளவு உண்மை பேசாது.

விருதை இருவருக்கும் சேர்த்துக் கொடுங்கள் என்பதும் என் வேண்டுகோள். தன்னார்வலர் ஒருவர் இரண்டு வாரம் வந்து நல்ல பணி செய்தார் என்றால், ஆண்டின் மற்ற ஐம்பது வாரங்களும் அந்தப் பணியைச் சுமந்தவர் ஒருவர் அங்கே இருக்கிறார். வழக்கமான அறுவைகளைத் தள்ளிவைத்து, நோயாளிகளைத் தேர்ந்தெடுத்து, இருந்த தையல் நூலையெல்லாம் எடுத்து வைத்து, விருந்தினர் போன பின் காய்ச்சல் வந்தவர்களைப் பார்த்துக்கொண்டவர் அவர். மேடைக்கு ஒருவரை மட்டும் அழைப்பது பாதிக் கதையைச் சொல்வதாகும். அவரையும் அழைப்பதென்றால் பயணச் செலவையும் விசாவுக்கான கடிதத்தையும் நீங்களே ஏற்க வேண்டியிருக்கும். உங்களுடைய ஆண்டு விருந்தில் ஒரு மேசையைக் குறைத்தால் அது கூடிவிடும் என்று நினைக்கிறேன். அதிகப்பிரசங்கித்தனமாகத் தோன்றினால் பொறுத்துக்கொள்ளுங்கள். தன்னார்வலர் தம் சொந்த ஊரில் இல்லாத நாட்களில் அவருடைய இரவுப் பணியைத் தலையில் ஏற்றுக்கொண்ட சக மருத்துவர்களும் இருக்கிறார்கள். பதக்கம் இல்லாவிட்டாலும் பாராட்டுரையில் அவர்களுக்கு ஒரு வரி கொடுங்கள்.

ஒரே மருத்துவமனைக்குத் திரும்பத் திரும்பச் சென்றவரைப் பன்னிரண்டு நாடுகளுக்குச் சென்றவருக்கு மேலாக மதியுங்கள் என்றும் கேட்டுக்கொள்கிறேன். 'பணியாற்றிய நாடுகள்' என்ற கட்டத்தில் உங்கள் படிவம் பத்து வரி விட்டிருக்கிறது. நான் பரிந்துரைப்பவருக்கு ஒரு வரி போதும். அவர் மூன்றாம் முறை வந்தபோது எங்கள் ஊழியர்கள் எல்லோரையும் பெயர் சொல்லி அழைத்தார். எந்த ஸ்விட்சைப் போட்டால் எந்த விளக்கு எரியாது என்பது அவருக்குத் தெரிந்திருந்தது. ஜெனரேட்டர் மாறும் அந்த அரை நிமிட இருட்டில் பதறாமல், நெற்றி விளக்கைப் போட்டுக்கொண்டு, காயத்தின் மேல் ஈரத்துணியை வைத்து அழுத்திக்கொண்டு எங்களைப் போலவே காத்திருக்கவும் பழகியிருந்தார். முதல் முறை வந்தவருக்கு இவை எதுவும் வாய்க்காது.

படிவத்தை இந்த மடலுடன் இணைத்து அனுப்புகிறேன். 'செய்த அறுவைகளின் மொத்த எண்ணிக்கை' என்ற கட்டத்தில், கடைசி வருகைக்கு எதிரே சுழி என்று எழுதியிருக்கிறேன். தவறுதலாக விட்டதென்று யாரும் திருத்த வேண்டாம். அதன் கீழே எங்கள் மருத்துவரின் பெயரையும், அவரிடம் பயின்ற இளைஞரின் பெயரையும், மின்பணியாளரின் பெயரையும் சேர்த்திருக்கிறேன். அதற்கு இடம் போதாமல் ஓரத்தில் செங்குத்தாக எழுத நேர்ந்தது. பதிவேட்டின் பக்கங்கள் ஐந்து ஆண்டுகளுக்கும் உரியவை தனி உறையில் உள்ளன. உதவியாளர் பத்தியில் அந்த மருத்துவரின் பெயருக்குக் கீழே பென்சிலால் மெல்லிய கோடு போட்டிருக்கிறேன். ஐந்தாம் ஆண்டுப் பக்கங்களில் கோடு எதுவும் இருக்காது.

இப்படிக்கு,
அறுவை அரங்கச் செவிலியர் ஒருவர்